கணக்கில் சேராத ஞாயிறு

"இவளும் தியானத்துக்கு வாறாளா? சாமிக்கு விட்ட பிள்ளையக் களவாண்டவ... எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வாறா?"

சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக மாமியார் வியாகுலம்மாள் ஆரம்பித்துவிட்டாள். பேச்சியம்மாள் பையில் துணியை அடுக்கினாள்.

தாராவியில் அந்தப் பத்துக்குப் பத்து அறைக்குள் இரண்டு அடுப்பு. ஒன்றில் பேச்சி வீட்டுக்குச் சமைப்பாள். மற்றதில் கிழவி தனக்கு மட்டும் கஞ்சி வைத்துக்கொள்வாள். மகன் மிக்கேலைக் கத்தோலிக்கச் சாமியாராக்குவதாக நேர்ந்திருந்தவள் அவள். அவன் குருமடத்தை விட்டு வந்து ஓர் இந்துப் பெண்ணைக் கட்டியதும், "ஒன் கையால ஒரு வாய் திங்க மாட்டேன்... மாதா மேல சத்தியம்!" என்று சொல்லிவிட்டாள். ஒன்பது வருஷமாயிற்று. கிழவிக்குப் பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்!

அன்று மிக்கேலால் தாங்க முடியவில்லை.

"யம்மா, போதும்! படிப்பு ஏறலன்னு குருமடத்துலருந்து என்னய அனுப்பிட்டாவ. அதுக்கு ஆறு மாசம் கழிச்சுத்தான் இவளப் பாத்தேன்! ஒனக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டேன்னு நாந்தான் இவ வாய அடச்சேன்..."

கிழவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பாவி... என்கிட்ட ஏம்ளா சொல்லல?"

"அவங்க ஒங்களுக்கு ஒத்தப் பிள்ள, அத்த..." பேச்சி பையை இழுத்து மூடினாள்.

"ஐயோ! மாதா மேல சத்தியம் பண்ணிட்டேனே... அத எப்படி மீறுவேன்!"

செம்பூர் தியான இல்லத்தில் இருநூறு பேர் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். தாராவியில் ஆள் தூங்கினாலும் மெஷின் தூங்காது. இப்படியொரு அமைதியைப் பேச்சி பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. மதியம் அவள் பரிமாற நின்றாள். கிழவி கலங்கிய கண்ணோடு பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

மறுநாள் காலை ஃபாதர் தவக்காலத்தைப் பற்றிச் சொன்னார்.

"சாம்பல் புதன்லருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரைக்கும் எண்ணிப் பாருங்க. நாப்பத்தாறு வரும். ஆனா தவக்காலம் நாப்பது நாள்தான். நடுவுல வர்ற ஆறு ஞாயிறும் கணக்குல இல்ல. ஆண்டவர் உயிர்த்த நாள்ல நோன்பு கிடையாது."

கிழவி ஜெபமாலை மணிகளைத் தள்ளித் தள்ளி எண்ணினாள். இரண்டு தடவை எண்ணினாள். பேச்சி பிரமித்துப்போனாள். எவ்வளவு கடுமையான தவம்... அதற்குள்ளும் வாரத்துக்கு ஒருநாள் வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்களே!

ஞாயிறு என்பதால் மதியம் கோழிக் குழம்பு. பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். எதிரே வியாகுலம்மாள்! தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஆண்டவரு தவசுலயே ஞாயித்துக்கெழமைய விட்டுட்டாவளாம்... என் சத்தியம் அதுக்கும் மேலயாளா? போடு."

பேச்சி சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். கண்ணீரில் தட்டே தெரியவில்லை. கிழவி நின்ற இடத்திலேயே ஒரு வாய் பிசைந்து தின்றாள். மென்றாள். விழுங்கினாள். பிறகு தட்டை மேசைமேல் வைத்துவிட்டு மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"ஒம்போது வருசம்... எத்தன ஞாயித்துக்கெழம வந்துட்டுப் போச்சு, மக்கா! எனக்குத் தெரியாமப் போச்சே..."