பதினொரு மூட்டைப் பாடம்

உப்பளத் தொழிலாளர் குடியிருப்பின் அங்கன்வாடியில், கஞ்சி குடித்த இருபது பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒரு பாட்டும் வரவில்லை. வந்திருக்க வேண்டும். 2071இல் அரசு இலவசமாகத் தருவது வெறும் சத்துமாவு இல்லை, பாடமாவு. மாதம் ஒருநாள் டீச்சர் செல்லக்கனி மாவட்டக் கிடங்குக்குப் போவார். பாடஞ்செலுத்திக் குழாயில் வாய் வைத்து, பாட்டு, எண், ஒழுக்கம் எல்லாவற்றையும் தன் மையத்து மூட்டைக்குள் சொல்லிவிட்டு வருவார். தின்றவர் மூளையில் பாடம் ஒட்டிக்கொள்ளும். சொன்னவர் குரலைக் கேட்டால்தான் வெளியே வரும்.

மையத்துக்கு வந்ததோ வெறும் அரிசிமாவு. அசல் மூட்டைகள் திட்ட அலுவலர் குணாளன் வீட்டுக்குப் போயின. அங்கே காலையில் பாடமாவுப் புட்டு, மாலையில் உருண்டை, நடுவில் கொறிக்க அடை. நாய்க்கும் அதுதான். யானை வளர்த்திருந்தால் யானைக்கும்!

தின்றுவிட்டுச் சும்மா இருந்தாரா? ‘உப்பளத்துப் பிள்ளைகள் மண்டையில் எதுவும் ஏறாது, மையத்தை மூடலாம்’ என்று அறிக்கை வேறு எழுதினார்.

லாரி ஓட்டுநர் சொல்லித்தான் செல்லக்கனிக்கு விஷயம் தெரிந்தது. டீச்சர் புகார் எழுதவில்லை. பதினோராவது மாத மூட்டையில் புதிதாக ஒரு பாடம் சேர்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று தடவை சொன்னார்.

மையத்தை மூட, துறைச் செயலாளரே வந்தார். குணாளன் நாயோடு வந்திறங்கினார்.

“ஒரு பாட்டாவது பாடச் சொல்லுங்க மேடம். ஒண்ணும் வராது.”

“கேட்டுருவோம் சார்,” என்ற செல்லக்கனி குரலை உயர்த்தினார். “காக்கா என்ன கலரு?”

பிள்ளைகள் விழித்தார்கள். குணாளனின் கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன.

“கறுப்பு டீச்சர்!” அவர் அலறலில் ஓடு இரண்டு பெயர்ந்து விழுந்தது.

“ஒண்ணுக்கப்புறம்?”

“ரெண்டு டீச்சர்!” நாயும் இரண்டு தடவை குரைத்தது.

“என்ன சார் இது?” என்றார் செயலாளர்.

“தெரியலயே மேடம்... டீச்சர், ஒண்ணுக்கு!” சுண்டுவிரல் உயர்ந்தது.

“பொறுல. அடுத்த பிள்ள தட்டுல உள்ளத எடுத்துத் தின்னா என்ன செய்யணும்?”

குணாளன் வெளிறிப்போய் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். விரலிடுக்கில் பாடம் பீறிட்டது.

“தின்னதையெல்லாம் திருப்பிச் சொல்லிக் குடுக்கணும் டீச்சர்!”

செயலாளர் அங்கேயே உத்தரவு போட்டார். தின்ற பாடம் தீரும்வரை குணாளன் அந்த மையத்தின் நடமாடும் பாடநூல். மூட்டைக்கு ஒரு வருடம்.

மூன்று மூட்டை முடிந்தது. மாவே இல்லாமல், அவர் ஆடுவதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே பிள்ளைகள் எழுநூறு பாட்டு கற்றுவிட்டார்கள்.

“சார் தப்பா குதிக்காரு டீச்சர்!” என்றாள் நான்கு வயது இசைநிலா. “முயலு இப்படியா குதிக்கும்?”

“நான் ரிட்டையராகி ஆறு மாசம் ஆச்சே டீச்சர்,” என்றார் குணாளன், மூச்சு வாங்க.

“இன்னும் எட்டு மூட்டை இருக்குல்லா சார்,” என்றார் செல்லக்கனி. “முயலு மாதிரி குதிங்க.”