ஏழாவது வடிவம்

"இதுல ஆறுதான் அப்பா யோசிச்சது. ஏழாவதை யாரோ சேர்த்திருக்காங்க," என்று அப்பா கடைசியாகக் கல்லில் வரைந்து அச்சான கல்லச்சுப் படத்தையும் அதன் பென்சில் மாதிரியையும் மேசையில் விரித்தாள் ஓவியரின் மகள். விதையா, வேரா, சிப்பியா என்று சொல்ல முடியாத, தலை எது வால் எது என்று தெரியாத வடிவங்கள்.

துப்பறிவாளர் அவள் முகத்தைப் பார்த்தார். "இதுக்கா இப்படி அழுதிருக்கீங்க?"

அவள் உடைந்துபோனாள். ஒரு மதியம் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு வெளியே போனவள், திரும்பியபோது கட்டிலில் உடலைத்தான் பார்த்தாள். 'மனசு வெறுத்துப் படுத்தார், அப்படியே போயிட்டார்' என்றார் அச்சடிக்கும் சித்தப்பா. தானே கொன்றுவிட்டதாக நினைத்து ஆறு மாதமாக அணுஅணுவாகச் செத்துக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பாதான் வரைஞ்சிருப்பார், அத்தான்," என்று துள்ளினார் துப்பறிவாளரின் மைத்துனர்.

"மச்சான், கொஞ்சம் மூச்சு விடுங்க."

அச்சுக்கூடத்தில் சித்தப்பா தயங்காமல் பேசினார். "கல்லுல இருந்ததைத்தான் அடிச்சேன். ஒரு புள்ளிகூட நான் வைக்கல."

"நம்புறேன். வெறுங்கல்லுல உடம்பு பட்டா?"

"பிசுக்கு ஒட்டிக்கும். கண்ணுக்குத் தெரியாது, மை ஏத்தினா கறுப்பா விழும். அதனாலதான் வரைஞ்சதும் கோந்து பூசுவோம். அப்புறம் எதுவும் ஒட்டாது."

"அன்னிக்குப் பூசினது?"

"அண்ணன்தான். பூசிட்டுத்தான் படுத்தார்."

துப்பறிவாளர் மகளிடம் திரும்பினார். "அப்பா காதுல ஏதாவது அடையாளம் உண்டா?"

"மடல்ல பாதி இல்ல. சின்ன வயசுல நாய் கடிச்சது."

அவர் ஏழாவது வடிவத்தின் மேல் விரல் வைத்தார். அது ஒரு காதின் தடம், நிஜக் காதின் அளவிலேயே. மடல் பாதிதான் இருந்தது.

"கோந்து பூசுறதுக்கு முன்னாடியே அவர் கல்லு மேல மயங்கிச் சாஞ்சிருக்கார். நினைவோட எழுந்திருந்தா அந்தப் பிசுக்கைச் சுத்தம் பண்ணாம கோந்து பூசியிருக்க மாட்டார். அப்படின்னா பூசினது நீங்க. கட்டிலுக்குத் தூக்கிட்டுப் போனதும் நீங்க."

அப்பா வெறுத்துப் படுக்கவில்லை, வரைந்துகொண்டிருந்தார் என்பது மகளுக்கு உறைத்தது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

"டாக்டர் வந்தா கூட்டம் கூடும், ஆளாளுக்குக் கல்லைத் தொடுவாங்க," என்றார் சித்தப்பா. "அண்ணனோட கடைசி வேலை. கோந்து காயட்டும்னு..."

"சித்தப்பா, நீங்க பார்த்தப்போ மூச்சு இருந்துச்சா?"

அவர் மை படிந்த விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இருந்துச்சும்மா," என்றார். "உன்னைத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தார்."