முதல் மிதி

கண்காட்சி திறக்கும் நாளில் நாங்கள் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே போவோம். முன்வாசலில் பூ, ரிப்பன், புன்னகைக்கப் பழகிய பெண்கள். பின்வாசலில் குப்பை வண்டி, காவலாளி, நாங்கள். அன்றைக்கும் வாளியையும் துடைப்பத்தையும் தூக்கிக்கொண்டு அப்படித்தான் போனேன்.

அந்த அரங்கத்துக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே போய்விட்டால் பகலா இரவா என்று தெரியாது. விருந்தாளிகள் வரும் நேரத்தில்தான் எல்லா விளக்கையும் போடுவார்கள், ஏசியும் அப்போதுதான். அதுவரை எங்களுக்குப் பாதி வெளிச்சம் போதும் என்பது அவர்கள் கணக்கு. மரத்தூள், பெயின்ட், கார்ப்பெட் ஒட்டும் பசை எல்லாம் சேர்ந்து உள்ளே புழுங்கிக்கொண்டிருக்கும். அன்று என்ன கண்காட்சி தெரியுமா? தொழிற்சாலைப் பாதுகாப்பு. ஸ்டால் ஸ்டாலாக ஹெல்மெட், பெல்ட், கையுறை. தொழிலாளியின் உயிர் விலைமதிப்பற்றது என்று ஆள் உயர எழுத்தில் ஒரு பலகை.

என் தம்பி அந்த அரங்கத்தில் கார்ப்பெட் விரிப்பவன். விரித்தவன் என்று சொல்ல வேண்டும், இன்னும் வாய் வரவில்லை. நடைபாதை முழுக்க விரித்துவிட்டு, அழுக்குப் படாமல் மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஓரம் விடாமல் ஒட்டிவிடுவான். மற்றவர்கள் அந்தத் தாளின் மேல் நடந்து மிச்ச வேலையை முடிப்பார்கள். திறக்கும் நாள் காலையில் தாளை உரித்து எடுப்பது துப்புரவுப் பெண்களான எங்கள் வேலை. அவன் மூடுவான், நான் உரிப்பேன். கார்ப்பெட்டில் அவன் செருப்புக் கால் வைத்ததே இல்லை.

"நான் விரிச்சதுல முதல் மிதி உன் மிதிதான்க்கா. எவ்ளோ பெரிய ஆள் வந்தாலும் ரெண்டாவதுதான்" என்பான். அதில் அவனுக்கு அப்படி ஒரு கர்வம்.

போன கண்காட்சியின்போது நான் காய்ச்சலில் கிடந்தேன். அரங்கத்துக்கு வெளியே ரோட்டில் அவனைப் பிணமாக எடுத்தார்கள். குடித்துவிட்டு ரோட்டைக் கடந்தான், ஏதோ லாரி அடித்துப் போட்டுவிட்டது என்று அரங்க மேனேஜர் வந்து சொன்னார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சென்ட். ஆள் வருமுன்னே வாசனை வந்துவிடும். தம்பியின் சட்டை முழுக்கச் சாராய நாற்றம். காலில் செருப்பு இல்லை. செருப்பு எங்கே என்று கேட்டேன். குடிகாரன் காலில் செருப்பு தங்குமா என்று கேட்டார். இருமல் மருந்துக்கே மூக்கைப் பிடித்துக்கொள்கிறவன் என் தம்பி. ஏழை சொல் அம்பலம் ஏறுமா?

அவன் பெண்டாட்டியே நம்பிவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் போட்டோவைத் துணிப்பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு, "பிள்ளைங்க கேட்டா, உங்கப்பா குடிச்சிட்டு ரோட்டுல விழுந்து செத்தாருன்னா அண்ணி சொல்றது?" என்று என்னைக் கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஒரு பதிலைக் கொண்டுபோய் அவள் மடியில் போடவேண்டும். அதற்காகத்தான் அந்த வேலையை விடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அன்று என்னோடு தாள் உரிக்க வந்தவளுக்கு வானொலி என்று பெயர். அவளிடம் ஒரு சேதி போனால் சாயங்காலத்துக்குள் தெருத்தெருவாகப் போய்விடும். சரக்கு இறங்கும் பெரிய கதவருகே ஆரம்பித்து, ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனோம். தாள் சர்ரென்று உரிந்து வந்தது. அவள் யார் வீட்டுக் கல்யாணம் நின்று போனது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாதி வார்த்தையில் நிறுத்தினாள்.

"அக்கா, இங்க பாரேன்" என்றாள் மெதுவாக.

உரிக்காத தாளுக்கு அடியில், கார்ப்பெட்டில், ஒரு கால் தடம். வெறுங்கால். ஐந்து விரலும் அமுங்கியிருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தன. தாளை ஒட்டும்போது யாராவது மிதித்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே மேலும் கொஞ்சம் உரித்தேன்.

அடுத்த தடம், தாளுக்கு அடியில், எங்கள் கண்ணெதிரே அமுங்கியது.

ஓரத்து டேப் எங்குமே பிரியவில்லை. தாளும் தூக்கவில்லை.

இடது கால். சுண்டு விரல் படவில்லை.

என் தம்பிக்குப் பிறவியிலேயே இடது சுண்டு விரல் மேலே ஏறி இருக்கும். சின்ன வயதில் அதைப் பிடித்து இழுத்து நான் கேலி செய்யாத நாள் இல்லை. ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. தாளை உரித்துக்கொண்டே தடத்தின் பின்னால் போனேன். வானொலி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

நடைபாதை திரும்பும் இடத்தில் தடங்கள் நின்றன. அங்கே தாளுக்கு அடியில் ஆள் நீளத்துக்குக் கார்ப்பெட் பள்ளமாகிக் கிடந்தது. தலை. தோள். விரித்துப் போட்ட ஒரு கை. தலைப் பக்கம் தாளின் உள்புறம் ஆவி படிந்திருந்தது. அது மறைந்தது. மறுபடி படிந்தது.

மூச்சு.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்னால் வரும்போது போடும் பீப். எல்லா ஃபோர்க்லிஃப்டையும் முந்தின நாளே வெளியே ஓட்டிவிட்டார்கள். அரங்கத்தில் ஒரு சக்கரம் கிடையாது.

பீப்.

"உனக்குக் கேக்குதா?" என்றேன். வானொலி தலையை மட்டும் ஆட்டினாள்.

பசை நாற்றத்தை வெட்டிக்கொண்டு வாசனை வந்தது. சென்ட் வேகமாக வந்தார். விருந்தாளிகள் வாசலுக்கு வந்துவிட்டார்கள், இன்னும் என்ன பொம்பளைகளா வேடிக்கை என்று கத்திக்கொண்டே வந்தவர் அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். முகத்தில் இரத்தம் வற்றிவிட்டது.

"இந்தத் துண்டை வெட்டி எடுங்க. வேற போடுங்க. போன தடவையும் இதே இடத்துலதான்..."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை.

"போன தடவை இதே இடத்துல என்ன சார்?" என்று கேட்டேன்.

ஓர் அடி பின்னால் வைத்தார்.

பீப்.

இன்னோர் அடி வைத்தார்.

பீப்.

அவர் நின்றிருந்தது உரிக்காத தாளின் மேல். பள்ளம் மெல்ல எழும்பிச் சமமானது. அதிலிருந்து ஒரு தடம், பிறகு ஒரு தடம், தாளுக்கு அடியிலேயே அவரை நோக்கிப் போனது. விரல் நுனிகள் அவர் ஷூ முனையில் வந்து நின்றன. தாள் அவர் கணுக்காலில் ஏறி இறுகியதை நான் பார்த்தேன். காற்று என்று யாராவது சொன்னால் செருப்பால் அடிப்பேன். அங்கே ஏது காற்று?

"நான் ஒண்ணும் பண்ணலப்பா" என்றார். என்னிடம் அல்ல. கீழே பார்த்துச் சொன்னார். "வண்டி ரிவர்ஸ்ல வந்துருச்சு. உள்ள சாவுன்னு தெரிஞ்சா ஹாலுக்கு சீல் வெச்சிருவாங்க, திறப்பு நின்னுடும்னு மேலேர்ந்து சொன்னாங்க. கார்ப்பெட்ல சுருட்டி வெளிய கொண்டு போகச் சொன்னாங்க."

"சாராயம்?" என்றேன்.

"அதையும் மேலதான் சொன்னாங்க. ஊத்துனது மட்டும்தான் நான்."

தாள் தளர்ந்தது. அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் என் தம்பியைச் சுருட்டிக் குப்பை போகிற வழியில் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அந்தத் துண்டின் தாளை நானே உரித்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு முதல் மிதி மிதித்தேன். ஆள் இப்போதுதான் எழுந்து போன பாய் மாதிரி கார்ப்பெட் சூடாக இருந்தது. நின்று அழுதேன். அதற்குள் விளக்கெல்லாம் எரிந்தன, ஏசி ஓடியது, ரிப்பனை வெட்டினார்கள். விருந்தாளிகள் அந்த இடத்தின் மேலேயே நடந்து போய் ஹெல்மெட் பார்த்தார்கள்.

ஆனால் வானொலி கேட்டுவிட்டாள் அல்லவா? சாயங்காலம் நான் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. தம்பி பெண்டாட்டி பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, போட்டோவைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, "உங்கப்பா வேலை செய்யுற எடத்துல செத்தாரு. குடிக்கல" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

போலீஸ் சென்ட்டைக் கூட்டிப்போனது. மேலே இருப்பவர்கள் தங்களுக்கு எதுவும் தெரியாது என்று கையைக் கழுவிவிட்டார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இவர்கள் அம்பை ஒடித்துக் காட்டிவிட்டு, எய்தவனை ஏசி அறையிலேயே வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடி அறை அரங்கத்தின் மேல்மாடியில், ஒரு படிக்கட்டுக்கு மேலே இருக்கிறது.

அதன் பிறகும் கண்காட்சிகள் வருகின்றன. புது நிறத்தில் கார்ப்பெட், புதுத் தாள். தாளுக்கு அடியில் அதே கால், சுண்டு விரல் படாமல். ஆனால் இப்போது நடைபாதை திரும்பும் இடத்தில் அது நிற்பதில்லை. நேரே படிக்கட்டுக்குப் போகிறது. படியில் கார்ப்பெட் கிடையாது, வெறும் தரையில் பசை ஒட்டிய தடம்; போன முறை நடுப்படி வரை ஏறியிருந்தது. இன்று காலை பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்குக் கீழே ஒரு படிதான் பாக்கி.

அந்தப் படிகளைத் துடைத்து வைப்பதும் என் வேலைதான். நான் துடைக்கவில்லை.