கீழே ஒருவர்

ரௌஷனை முதலில் உறுத்தியது மூன்றாவது குழாய்தான். மூடிக் கிடக்கும் சுரங்கத்தின் விளக்கறையிலிருந்து பழைய இரும்புக்காரன் பெயர்த்து அவள் கடைக்குக் கொண்டுவந்த எண்பலகை அது. கட்டைவிரல் பருமனில் மூன்று கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பூஜ்யம் முதல் ஒன்பது வரை மெல்லிய கம்பி எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மின்சாரம் பாயும் எண் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் எரியும். வெகுகாலம் எரிந்த எண் தேய்ந்து, கண்ணாடியில் கருப்பாகப் படியும்.

முதல் இரண்டிலும் பூஜ்யம் தேய்ந்திருந்தது. மூன்றாவதில் ‘ஒன்று’, மயிரிழையாக. ஆண்டுக்கணக்கில் 001 மட்டுமே எரிந்திருக்கிறது.

ஒருவர் விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினால் எண் கூடும். ஏறிவந்து விளக்கை மாட்டினால் குறையும். சுரங்கத்தில் தீப்பிடித்த அன்று, கீழே யாருமில்லை என்று கையெழுத்துப் போட்டுச் சுரங்க வாயை அடைத்தவன் பொறியாளர் எர்சாயின். ரௌஷனின் கணவன் போலாத்கான் அன்று வேலைக்கே வரவில்லை, எவளுடனோ ருஷ்யாவுக்கு ஓடிவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னவனும் அவன்தான். பதினோரு ஆண்டுகள் அதை நம்பி, கணவன் பெயரைக் கேட்டாலே அவள் காறித் துப்பியிருக்கிறாள்.

போனை எடுத்து, பலகை தன்னிடம் இருப்பதை மட்டும் எர்சாயினிடம் சொன்னாள்.

பனிப்புயல் நடுப்பகலையே இருட்டாக்கியிருந்தது. அவன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். அவள் கடைக்கதவைத் தாழிட்டாள்.

“பழைய குப்பை அண்ணி இது. குடுங்க, தூக்கிப் போட்டுடறேன்.”

“எத்தனை நாள் கீழேருந்து தட்டினாரு?”

“நாலு நாள் கேட்டுச்சு. தொறந்திருந்தா நெருப்பு மேல வந்திருக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம் நான் அந்தப் பக்கம் போறத விட்டுட்டேன்.”

அவள் சுத்தியலை எடுத்தாள். அடித்தே கொன்றிருப்பாள்.

அப்போது பலகையில் எண் எரிந்தது. 001. அதன் ஒயர் எதிலும் செருகப்படாமல் மேசையில் சுருண்டு கிடந்தது. வெளியே காற்று நின்றுவிட்டது. ஈரமும் தீய்ந்த நாற்றமும் கலந்த கரி வாடை.

ஒன்று அணைந்தது.

000.

கதவில் தட்டல். கைப்பிடி உயரத்தில் இல்லை. தரையோரம்.

“தொறக்காதீங்க அண்ணி.”

அவன் குரலைக் கேட்டதுமே ஆத்திரம் பொங்கித் தாழ்ப்பாளைத் திறக்கப் போனாள். கை அதன்மேல் பட்டது. அதற்குள் கதவின் அடியில், விரற்கடை இடைவெளியில், கரிய விரல்கள் நுழைந்தன. நகம் இல்லை. நுனியில் சதை இல்லை. தேய்ந்த எலும்பு.

எர்சாயின் இருந்த பக்கம் அவை திரும்பவில்லை.

தரையைத் தடவித் தடவி, அவள் காலைத் தேடின.