வீட்டில் எத்தனை பேர்

மருமகள் சுபஸ்ரீ எதிரே நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோதே, யாரோ பின்னாலிருந்து திருமலைச்சாமியின் போர்வையைத் தோளுக்கு ஏற்றிவிட்டார்கள்.

"பேரு சொல்லுங்க மாமா."

சொன்னார்.

"இது எந்த ஊரு?"

"மன்னவனூரு. பெறந்த ஊரு எனக்கு மறந்தா போயிரும்?"

"வீட்ல எத்தன பேரு இருக்கோம்?"

"நாலு."

அவள் முகம் மாறிவிட்டது. அவர், அவள், மகன் சக்திவேல் என்று மூன்றே பேர் இருக்கும் வீடு அது. சக்திவேலோ கேரட் காட்டில் இருந்தான். அப்படியானால் போர்வையை இழுத்துவிட்டது யார்? திரும்பிப் பார்க்கலாம் என்றால் கழுத்தெலும்பு ஆபரேஷனுக்குப் போட்ட பட்டை, தாடையிலிருந்து நெஞ்சு வரை பிடித்து வைத்திருக்கிறது. சனியன் பிடித்த பட்டை!

சாயங்காலம் சக்திவேல் போனோடு வந்து நின்றான். "இன்னொரு வாட்டி இப்படிக் கொழப்பிப் பேசுனா வெரசாக் கூட்டிட்டு வந்து அட்மிட் பண்ணணும்னு நர்சம்மா சொல்லுதுப்பா."

வயசானவர்களுக்கு மயக்க மருந்துக்கு அப்புறம் புத்தி தடுமாறும், தினமும் கேள்வி கேளுங்கள், நடக்க வையுங்கள் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆபரேஷன் முடிந்த ராத்திரி, தான் எங்கே கிடக்கிறோம் என்று தெரியாமல் அவர் டியூபைப் பிடுங்கப் போக, இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டிப்போட்டார்கள். ஆட்டைக் கட்டுகிற மாதிரி. விடிய விடியக் கத்தியும் ஒருத்தரும் அவிழ்த்துவிடவில்லை. செத்தாலும் சரி, அந்தக் கட்டிலுக்கு இனி போகக்கூடாது.

மறுநாள் "மூணு" என்றார். சுபஸ்ரீ சிரித்தாள்.

அதற்குப் பிறகு தினமும் மூணுதான். மத்தியானம் பனி இறங்கி யூகலிப்டஸ் மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வரும் நேரத்தில் அவர் முற்றத்தில் நடப்பார். சுபஸ்ரீ கல்லை ஒதுக்கிவிட்டபடி முன்னால் போவாள். அவருடைய இடது கக்கத்துக்குள் பின்னாலிருந்து ஒரு கை நுழைந்து தாங்கிக்கொள்ளும். குளிர்ந்த கை. ஈர மண்ணோடு அப்போதுதான் பிடுங்கிய பூண்டின் வாடை அதில் அடிக்கும். அந்த வருஷப் பூண்டு எடுத்துச் சந்தைக்கே போயாகிவிட்டது. உடம்போடு சேர்த்து மொத்தமாகத் திரும்பிப் பார்த்தார். அவரோடு சேர்ந்து ஈரக் கால்கள் சளப் சளப்பென்று பின்னாலேயே சுற்றி வந்தன.

வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மதுரை. அதோடு, சொல்லவே வெட்கமாக இருந்தது, அந்தக் கை தாங்கித் தாங்கித்தான் அவர் தேறிக்கொண்டிருந்தார். மரத்துக் கிடந்த விரல்கள் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்திருந்தன.

"நல்லாத் தேறிட்டீங்க மாமா. இனி ஒரு பயமும் இல்ல," என்று சுபஸ்ரீ பால் வாங்கக் கிளம்பினாள். பொழுது சாய்கிற நேரம். கரண்டு இல்லை. நாற்காலியில் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கதவிடுக்கு வழியாகப் பனி தரையோடு தரையாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

"பேரு சொல்லுங்க மாமா."

பின்னாலிருந்து. அடுப்பங்கரைக் கதவு வழியாக வந்துவிட்டாள்போல. அப்பாடா என்றிருந்தது. பேரைச் சொன்னார். ஊரைச் சொன்னார்.

"வீட்ல எத்தன பேரு?"

"மூணு."

"யார் யாரு?"

"நானு. சக்திவேலு. அப்புறம் நீயி."

"நானா?"

"நீதான் தாயி. வேற யாரு?"

ஒரு பெருமூச்சு. பிடரியில் குளிர்ந்தது. பூண்டு வாடை.

ஐயோ.

கதவு திறந்தது. சக்திவேல். காலைத் துடைத்தான். அவர் தலைக்கு மேலாகப் பின்னால் பார்த்தான். முகத்தில் எந்தப் பயமும் இல்லை.

"என்ன சுபா, அதுக்குள்ள வந்துட்ட?"

"ம்."

தாழ்ப்பாளைப் போட்டான்.

அப்போது தட்டினார்கள். வெளியே.

"என்னங்க, கதவத் தொறங்க. குளிரு தாங்கல. மாமா! மாமா, தொறக்கச் சொல்லுங்க!"

சக்திவேல் கை தாழ்ப்பாளிலேயே நின்றது. "யாரு இது? உன் கொரலு மாதிரியே இருக்கு சுபா?"

"தொறக்காதீங்க," என்றது பின்னால். "நாம மூணு பேரும் உள்ளதான இருக்கோம்? மாமாவக் கேளுங்க."

மகன் அவர் முன்னால் குனிந்தான்.

"அப்பா. வீட்ல எத்தன பேரு?"

"நாலுடா!" தொண்டை கிழியக் கத்தினார். "வெளிய நிக்கிறதுதான்டா சுபா! கும்பிடுறேன் சாமி, கதவத் தொற!"

சக்திவேல் அவரையே பார்த்தான். கண் கலங்கியது.

"நல்லாத்தான இருந்தாரு... திரும்பவும் கொழம்பிருச்சே." போனை எடுத்தான்.

"நீங்க பேசுங்க. நான் பிடிச்சுக்கறேன்."

அவரால் குனிய முடியாது. பார்க்க முடியாது. மணிக்கட்டில் துணி சுற்றுவது தெரிந்தது. ஒரு சுற்று. இன்னொன்று. முடிச்சு.

எதிரே கதவு. தட்டுகிற சத்தம் இறங்கி இறங்கி, இப்போது கதவின் அடியில் கேட்டது. பனியோடு சேர்ந்து இடுக்கு வழியாக நான்கு விரல்கள் உள்ளே வந்தன. சுபஸ்ரீயின் மோதிரம். விரல்கள் தரையைப் பிறாண்டின.

பிறகு வெளியிலிருந்து எதுவோ அவற்றை மெல்ல இழுத்துக்கொண்டது.