நெருப்புக்கு இட்ட முதல் துண்டு

ஆன்பொருநையின் நீர்ப்பரப்பில் அந்திச் செவ்வொளி கரைந்து, கீழ்த்திசையில் முழுமதி மெல்ல முகங்காட்டிய வேளை அது. வடகரையில் இறங்கியிருந்த படையின் பாசறை நடுவே புளிய விறகு கனன்றுகொண்டிருந்தது. மிளகும் இஞ்சியும் புளித்த தயிரும் பூசிப் பகல் முழுவதும் ஊறிய மான்தொடைத் துண்டுகள் இருப்புக் கம்பிகளில் சுழன்று வெந்தன. கொழுப்புச் சொட்டும்போதெல்லாம் தணல் சீறியது.

அந்த மணம் பொற்பூவையின் நெஞ்சைப் பிசைந்தது. வெள்ளருவிக் குன்றத் தலைவரின் மகள் அவள். தந்தை பகைவர் சிறையில், அவளோ அதே பகைவரின் பாசறையில். போரில் மாண்டதாக அவள் கேள்வியுற்ற காதலன் வெண்கூத்தன், வேட்டை முடிந்த மாலைகளில் இவ்வாறே இறைச்சி சுட்டு, தேக்கிலையில் வைத்து ஊதி ஆற்றித் தருவான். அந்த மாலைகள் இனி எங்கே!

"ஏ தாடிக்காரா! மான் தானே வேகட்டும் என்று தவம் கிடக்கிறாயோ?" என்றான் தண்டநாயகன் கோளரி. அவளை மணக்கத் துடித்தவன் அவன்.

"பொறுத்தருள வேண்டும் பிரபு. அவசரப்பட்டால் வெளியே கரி, உள்ளே குருதி," என்றான் புதிய சமையற்காரன்.

"முதல் துண்டை நீயே தின்று காட்டு. நஞ்சில்லை என்று தெரிந்தபின் தேவி உண்ணட்டும்."

சமையற்காரன் ஒரு துண்டை அரிந்தான். மறுகணம் அது அவன் வாய்க்குச் செல்லாமல் தீயில் விழுந்தது!

வாசகர்களே, தீ உண்ணாமல் தாம் உண்ணார் வெள்ளருவிக் குன்றத்தார். தாடியும் தலைப்பாகையும் முகத்தை மறைத்தன. பழகிய கையை எதனால் மறைப்பது? பொற்பூவை திடுக்கிட்டு அவன் கண்களை நோக்கினாள். உயிரோடு இருக்கிறார்!

கோளரியின் கை வாளுக்குத் தாவியது. "இது குன்றத்தார் வழக்கமாயிற்றே! யாரடா நீ?"

தன்முன் இருந்த இறைச்சித் தட்டைக் காலால் எற்றினாள் பொற்பூவை. "கேட்கவும் வேண்டுமா? நான் நாள்தோறும் என் பங்கைத் தீக்கிடுவதைப் பார்த்து இந்த அடுக்களையாள் நையாண்டி செய்கிறான்! இவனை ஆற்றுக்கு அப்பால் துரத்துங்கள். அதன்பிறகே உண்பேன்."

கோளரி வாய்விட்டு நகைத்தான். "தேவி என்னிடம் கேட்ட முதல் வரமல்லவா! அடே, சிதறியதைப் பொறுக்கிக்கொண்டு ஓடு!"

அவள் காலடியில் குனிந்தான் வெண்கூத்தன். "ஓடம் காத்திருக்கிறது, வந்துவிடு," என்று முணுமுணுத்தான்.

"நான் மறைந்தால் தந்தையைக் கொன்றுவிடுவார்கள்," என்று அவளும் தணிந்த குரலில் சொன்னாள். " அவரை மீட்டபின் வாருங்கள். அதுவரை வேறொருவர் கை என்னைத் தீண்டினால் உயிர் தரியேன். நம் வேலன்மேல் ஆணை!"

காவலர் அவனை நெட்டித் தள்ளிக்கொண்டு கரைக்குச் சென்றனர். வாக்களித்தபடி பொற்பூவை உண்ண அமர்ந்தாள். துடுப்பின் ஒலி அக்கரையில் ஓயும்வரை, அவன் சுட்ட இறைச்சியின் ஒரே துண்டை, விழுங்க மனமின்றி மென்றுகொண்டிருந்தாள்.