காயாத தலை

எம்மாவின் தலையில் ஊற்றிய தண்ணீர் காயவில்லை.

இமெல்டா மகளைச் சுற்றியிருந்த துவாயின் நுனியால் மறுபடியும் ஒற்றினாள். மார்கழியில் ஒஸ்லோ வீடுகளுக்குள் ஈரம் தங்காது. உறைந்த வெளிக்காற்றில் ஈரமே குறைவு. அது உள்ளே வந்து சூடேறும்போது தாகமெடுத்து, தோலிலும் துணியிலும் இருப்பதையெல்லாம் உறிஞ்சிவிடும். காலையில் காயப்போட்ட சட்டை மதியத்துக்குள் மொறுமொறுத்துவிடும். ஆனால் பிள்ளையின் உச்சிமயிர் இப்போதுதான் நனைந்ததுபோல ஒட்டிக்கிடந்தது.

அடுத்த கிழமை எம்மாவுக்கு இருதய ஒப்பரேசன். கணவன் மிதுசன் சைவக்காரன். பிள்ளை வளர்ந்து தானே தெரிவுசெய்யட்டும் என்று கலியாணத்துக்கு முன்பே பேசி முடித்திருந்தார்கள். ஆனால் உயிருக்கு ஆபத்தென்றால் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், குருவானவர் தேவையில்லை. தண்ணீரும், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லும் வார்த்தைகளும் போதும். மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த எவருக்கும் இது தெரியும். இன்று காலை மிதுசன் வேலைக்குப் போனதும் குசினித் தொட்டியில் வைத்து ஊற்றினாள். பிள்ளை வீரிட்டாள். பிறகு ஒரேயடியாக அடங்கிவிட்டாள்.

போன் அடித்தது. மிதுசன்.

"பிள்ளை என்ன செய்யிறாள்?"

"நித்திரை."

பொய். எம்மா அவளுடைய தோளுக்கு மேலால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேரப்பா, இந்த வீட்டில முந்தி இருந்த ஆக்களைப் பற்றிச் சொன்னீங்கள் எல்லோ?"

"குவேக்கர்களோ? அவையும் கிறிஸ்தவர்தான், ஆனால் தண்ணி ஊத்திறதில நம்பிக்கையில்லை. அந்தக் காலத்துச் சட்டம் விடேல்லை. இந்த வீட்டுத் தாயின்ர கையில இருந்து பிள்ளையைப் பறிச்சு, அரசாங்கச் சபைக்குக் கொண்டுபோய் ஞானஸ்நானம் குடுத்தவங்களாம்." சிரித்தான். "உங்கட ஆக்கள் மாதிரித்தான்."

"அது எங்கட சபை இல்லை."

"தண்ணி ஒண்டுதானே."

"பிறகு... அந்தப் பிள்ளை?"

"பனிக்குள்ள கொண்டுபோனது. தப்பேல்லை. அதுக்குப் பிறகும் அவை இந்த வீட்டிலதான் கூடினவை. பூசை இல்லை, பாட்டு இல்லை. வட்டமாச் சும்மா இருப்பினம். உள்ளுக்குள்ள ஏவப்பட்டால் மட்டும் ஒராள் எழும்புவார். அரசன் வந்தாலும் தொப்பி கழட்டாயினம். ஏன் கேக்கிறாய்?"

"சும்மா."

போனை வைத்தாள். சன்னல்கள் பிற்பகலிலேயே கறுத்துவிட்டிருந்தன.

மரவீடு ஒருபோதும் மௌனமாக இராது. குளிர் இறுக்க இறுக்கப் பலகைகள் சுருங்கி ஒன்றோடொன்று உரசி முனகும். அந்தச் சத்தத்துக்குப் பழகித்தான் வோலரெங்காப் பகுதியின் இந்தப் பழைய வீட்டில் அவள் தூங்கக் கற்றிருந்தாள். இப்போது முனகல் இல்லை. பிரிட்ஜின் இரைச்சலும் இல்லை. நனைந்த கம்பளியின் வாடை மட்டும் எழுந்தது.

திரும்பினாள்.

மேசைக்கடியில் தள்ளியிருந்த கதிரைகள் வட்டமாக நின்றன. எல்லாவற்றிலும் நிழல்கள். தொப்பியோடு. ஒன்றும் அசையவில்லை.

ஒரு கதிரையில் ஒரு பெண். மடியில் வெறுங்கைகள். பிள்ளையை ஏந்தும் வளைவில்.

"நான்... அவளின்ர நன்மைக்குத்தான்..."

அவர்கள் காத்திருந்தார்கள்.

அந்தப் பெண் எழுந்தாள்.

இமெல்டா பிள்ளை இருந்த துவாயை நெஞ்சோடு இறுக்கினாள். அது தட்டையாக மடிந்தது. உள்ளே சூடு மட்டும்.

எதிரே, அந்த வளைந்த கைகளுக்குள் எம்மா. பெண் தன் ஏப்ரன் நுனியால் பிள்ளையின் உச்சியை மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒட்டிக்கிடந்த மயிர் இழை இழையாகக் காய்ந்து எழும்பியது.